மகளின் பல்லுக்குக் கிளிப் போட்ட கோடை

கும்மிடிப்பூண்டியில் பல் டாக்டரின் அறையை விட்டு வெளியே வந்ததும் என் மகள் முதலில் சொன்னது, "அம்மாகிட்ட காட்டக் கூடாது" என்பதுதான். அதையும் உதடுகளைச் சரியாகப் பிரிக்காமல் சொன்னாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் மூடி, கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. மேல்வரிசை முன்பற்களில் சின்னச் சின்ன உலோகப் பொட்டுகளை ஒட்டி, கடைவாய் வரைக்கும் ஒரு மெல்லிய கம்பியைக் கோத்துவிட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இதற்குக் கிளிப் போடுவது என்று பெயர்.

"ஏம்மா, அம்மாதானே போடணும்னு சொன்னாங்க?" என்றேன்.

அவள் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்து என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். கல்கத்தா போகும் நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் லாரிகளின் நம்பர் பிளேட்டைப் படித்து, இது எந்த ஊர் வண்டி, அது எந்த ஊர் வண்டி என்று கேட்டுக்கொண்டே வருவது அவள் வழக்கம். அன்று எளாவூர் செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நின்றன. அவள் ஒன்றையும் படிக்கவில்லை. ஆரம்பாக்கத்தில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது என் சட்டையின் முதுகுப் பக்கம் நனைந்திருந்தது. வேர்வையா அழுகையா என்று நான் கேட்கவில்லை.

என் மனைவி மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. திருவள்ளூரில் நர்சிங் படித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்பு கும்மிடிப்பூண்டியில் வேலை பார்த்தவள். அப்போது நான் ஒரு பட்டறையில் இருந்தேன். தகட்டில் கையைக் கிழித்துக்கொண்டு அவள் வேலை செய்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். தையல் போடும் முன்பே நான் கண்ணை இறுக மூடிக்கொண்டதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு சேர்ந்து அவள் கையும் மேலே போய் வாயை மூடியது. கண்ணைத் திறந்தபோது நான் பார்த்தது அந்தக் கையையும் அதற்கு மேலே இருந்த இரண்டு கண்களையும்தான்.

அவளுக்கு மேல்பற்கள் கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். சின்ன வயதில், ஆந்திர எல்லையில் தடா பக்கத்து ஊரில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களைவிடப் பல்லைச் சொல்லிக் கூப்பிட்டவர்களே அதிகமாம். எனக்கு அந்தப் பற்கள் பிடிக்கும் என்று கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "சும்மா சொல்லாதீங்க" என்று அந்தப் பேச்சை அங்கேயே வெட்டிவிடுவாள். வார்டில் முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்வது தனக்கு நிம்மதியாக இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாள். அதைக் கேட்டு எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மகளுக்குப் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைத்தபோது முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். குழாயடியில் பிள்ளைக்குப் பல் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தவள், கையை நிறுத்திவிட்டு, "போச்சு, எம் பல்லு வந்துடுச்சு" என்றாள். அவள் முகம் வாடிப்போனது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

அப்புறம் அவளுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. இங்கே ஒரு நர்ஸுக்குக் கிடைக்கும் சம்பளத்தில் எதையும் நிமிர்த்த முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். போய்விட்டாள். நான் தேர்வாய் கண்டிகையில் வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு ஆலையில் ஷிஃப்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீடு என் அண்ணன் வீடு. நிலத்தை அவர்தான் பார்க்கிறார். நான் வேலையில் இருக்கும் நேரங்களில் அண்ணி பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த ஒரு வருடத்தில் எனக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. மகள் எதற்காவது சிரிக்கும்போது அவளுடைய முன்பற்கள் இரண்டும் கீழுதட்டின் மேல் வந்து உட்காரும். அச்சு அசல் அவள் அம்மா. சமையலறை வாசலில், சைக்கிள் மேல், டிவி முன்னால், எங்கே அவள் சிரித்தாலும் நான் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ஒரு நிமிடம் பார்ப்பேன். "இன்னா நைனா அப்டி பாக்குற?" என்று கேட்பாள். தடா பக்கம் அப்பாவை நைனா என்பார்கள். அவள் அம்மா சொல்லிக்கொடுத்தது அது. "ஒண்ணுமில்ல, நீ சிரி" என்பேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஓடும்போது அவள் தடுக்கி விழுந்து, முன்பல்லின் முனை உடைந்து, உதடு கிழிந்ததும்தான் இந்தக் கிளிப் பேச்சு வந்தது. பல் டாக்டர் ஓர் இளம் பெண். "முன்னாடி வந்திருக்கிற பல்லுதான் விழுந்தா முதல்ல அடிபடும். இப்பவே ஆரம்பிச்சா கொஞ்சமாவது உள்ள கொண்டு வந்துடலாம்" என்றார். ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "போட்டுடுங்க. எனக்கு ஆனது அவளுக்கு ஆவக் கூடாது."

கிளிப் போடுவதற்குச் சில நாட்களுக்கு முன்பு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே நீல நிறத்தில் குட்டி ரப்பர் வளையங்களைச் செருகினார்கள். கம்பி போக இடம் வேண்டுமாம். நான் ஆலையில் நாள் முழுக்கப் பிசிறு நீக்கிப் பெட்டியில் போடும் வளையங்களின் குஞ்சு போல இருந்தன. "இது உங்க கம்பெனி சரக்கா நைனா?" என்று கேட்டு அன்று சிரித்தாள். அதோடு சிரிப்பு நின்றது.

கிளிப் போட்ட அன்று சாயங்காலம் வலி தொடங்கியது. பல்லைப் பிடித்து யாரோ இழுத்துக்கொண்டே இருப்பது போல இருக்கிறது என்றாள். டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மருந்தைக் கொடுத்தேன். அண்ணி பழவேற்காட்டு மடவை மீனை வறுத்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவளுக்கு உயிர் அது. ஒரு துண்டை முள் நீக்கி வாயில் வைத்தார்கள். ஒருமுறை மென்றாள். முகம் சுருங்கிப்போய் அப்படியே தட்டில் துப்பிவிட்டாள்.

"இன்னா தம்பி, கொயந்தய இப்டி பண்ணி வச்சிக்கிறீங்க? பல்லு இருந்தா இருந்துட்டுப் போவுது" என்றார்கள் அண்ணி.

"அவ அம்மா ஆசப்பட்டா, அண்ணி."

"ஆசப்பட்டவ அங்க கீறா. பேஜாரு படுறது இங்க நாம."

அண்ணி மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இல்லை. ஆனால் மகளின் காதில் அது விழுந்தது. முகம் துடைக்கும் துண்டை எடுத்து வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள்.

அந்த நேரத்தில்தான் வீடியோ கால் வந்தது. மஸ்கட்டில் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். டூட்டி முடிந்து, முகக்கவசத்தின் தடம் கன்னத்தில் இருக்கும்போதே கூப்பிடுவாள். "எங்க எம் பொண்ணு? காட்டு, காட்டு" என்றாள். நான் ஃபோனை மகள் பக்கம் திருப்பினேன். மகள் துண்டைக் கீழே விட்டாள். உடனே கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"கைய எடு பாப்பா. அம்மாதான."

தலையை ஆட்டினாள். கை இறங்கவில்லை. அவள் அதற்கு முன்பு ஒருநாளும் வாயை மூடிச் சிரித்தவள் இல்லை, மூடி அழுதவளும் இல்லை. அந்தக் கை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். அங்கே அவள் அம்மாவும் கையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நான். கொஞ்ச நேரத்தில் மனைவி, "அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை இட்லியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். ரசம் சாதத்தைக் குழைத்துக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டாள். எதிரில் உட்கார்ந்து நானும் அதே ரசம் சாதம்தான் சாப்பிட்டேன், ஆனால் தொட்டுக்கொள்ள ஓர் அப்பளம் வைத்திருந்தேன். அவள் என் வாயையே பார்த்தாள்.

"நீ மட்டும் கரகரன்னு துன்ற."

அப்பளத்தைக் கீழே வைத்தேன். "சரி. நீ எப்ப கடிச்சித் துன்றியோ அப்பதான் நானும் துன்னுவேன். போதுமா?"

"வேலைக்குப் போனா?"

"அங்கயும் கஞ்சிதான்."

யோசித்தாள். "அப்ப அம்மாவும்."

சாயங்காலம் ஃபோனில் சொன்னபோது மனைவி சிரித்துவிட்டாள். "இன்னாங்க இது? நான் நின்னுக்கினே வேல பாக்குறவ. கஞ்சி குடிச்சா தாங்குமா?" என்றாள். ஆனால் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்ததும், "சரி பாப்பா, அம்மாவும் கஞ்சிதான்" என்று சத்தியம் செய்தாள். அடுத்த சில நாட்கள் எனக்கு ஆலையில் காலை நாஷ்டாவும் கஞ்சி, மதியமும் கஞ்சி. பக்கத்து மெஷினில் வேலை செய்பவர், "உனக்கும் பல்லப் புடுங்கிட்டாங்களா?" என்று கேட்டார். மஸ்கட்டில் நிஜமாகவே கஞ்சி குடித்தாளா என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பேசும்போது அவளுக்குப் பின்னால் மேஜையில் ஒரு தட்டில் பெரிய ரொட்டி இருந்தது. அவள் அறைத்தோழியுடையதாகவும் இருக்கலாம். மகள் கவனிப்பதற்குள் ஃபோனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன்.

வலி குறையத் தொடங்கியபோது வேறொன்று வந்தது. கடைவாய்க்குப் பின்னால் கம்பியின் முனை கன்னத்தின் உள்பக்கத்தில் குத்தி, அங்கே புண்ணாகிவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. டாக்டரின் கதவு மூடியிருந்தது. குத்தும் இடத்தில் வைக்கச் சொல்லி ஒரு சின்னப் பெட்டியில் மெழுகு கொடுத்திருந்தார்கள். நான் அதைக் கிள்ளி எடுத்துக் கம்பியில் ஒட்டுவேன். எச்சில் பட்டதும் கழன்று வந்துவிடும். மறுபடி ஒட்டுவேன். ரப்பர் பிசிறு நீக்கிக் காய்த்துப்போன என் விரல் அவளுடைய வாய்க்குள் பெரிதாக இருந்தது. அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள்.

வேறு வழி தெரியாமல் மனைவியைக் கூப்பிட்டேன். அவளுக்கும் அன்று விடுமுறை. ஃபோனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்தினேன். மனைவி அழவில்லை. குரல் மாறிவிட்டது. வார்டில் இப்படித்தான் பேசுவாள் போல என்று நினைத்தேன்.

"மொதல்ல உப்புத் தண்ணில வாய் கொப்புளிக்கச் சொல்லுங்க. நீங்க கைய சோப்பு போட்டுக் கழுவுங்க."

செய்தோம்.

"சுத்தமான துணியால அந்தக் கம்பிய ஒத்தி எடுங்க. ஈரம் இருந்தா மெழுகு புடிக்காது."

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒத்தி எடுத்தேன்.

"பச்சப்பயிறு அளவுக்குக் கிள்ளுங்க. விரல்ல உருட்டுங்க. சூடு ஏறி எளகட்டும்."

"எளகிடுச்சு."

"எடது கையால கன்னத்த வெளிய இழுத்துப் புடிங்க. மெதுவா. மெதுவாங்க."

"மெதுவாத்தான் புடிச்சிக்கினு கீறேன்."

"கன்னம் சுடுதா?"

"கொஞ்சம் சுடுது."

"ஜொரமா, அழுததா?"

"அழுதது."

"சரி, இப்ப கம்பி மேல வச்சி அமுக்குங்க. அமுக்கிட்டு ஓரத்த நீவி விடுங்க."

நீவி விட்டேன். மகள் நாக்கால் தடவிப் பார்த்தாள். கன்னத்தை அசைத்துப் பார்த்தாள். "குத்தல" என்றாள்.

ஃபோனைப் பார்த்தேன். மனைவி திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"தலைக்கு எண்ண வச்சீங்களா?" என்று கேட்டாள்.

"நேத்து அண்ணி வச்சாங்க."

"வாசன வருதா?"

நான் குனிந்து மகளின் உச்சியில் மூக்கை வைத்தேன். தேங்காய் எண்ணெயும் வேர்வையும் கலந்த வாசனை. "வருது" என்றேன்.

"ம்" என்றாள். அவளுடைய கைகள் அங்கே யார் யாருடைய பிள்ளைகளையோ தூக்கிக் குளிப்பாட்டி, ஊசி போட்டு, தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தன. இங்கே அவள் பிள்ளையின் கன்னத்தை அவளுக்காக நான் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கும் அவளைத் தொட வேண்டும் போல இருந்தது. ஃபோனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அதுவும் சூடாகத்தான் இருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நீட்டிக்கொண்டிருந்த முனையை ஒரு நொடியில் வெட்டிவிட்டார். திரும்பும்போது எளாவூருக்கு முன்னால், புளியமரத்தடியில் ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தினேன். மெல்ல வேண்டியதே இல்லாத ஒரு பொருள் கண் எதிரிலேயே இருந்திருக்கிறது, எனக்கு அதுவரைக்கும் தோன்றவில்லை.

மகள் முதல் நுங்கைத் தயங்கித் தயங்கி வாயில் வைத்தாள். உள்ளே இருந்த தண்ணீர் குளிர்ச்சியாகப் புண்ணில் பட்டிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் நிறுத்தவில்லை. நுங்குக்காரர் ஓலையில் வைத்துக் கொடுக்கக் கொடுக்கச் சாப்பிட்டாள். நானும் ஒன்றை எடுத்தேன். அது வழுக்கிக்கொண்டு போய் என் சட்டைப்பைக்குள் விழுந்தது. எட்டிப் பார்த்தவள் வாயைத் திறந்து சிரித்துவிட்டாள். கம்பி வெயிலில் மின்னியது. பற்கள் கீழுதட்டில் வந்து உட்கார்ந்தன. கை மேலே போகவில்லை.

"அப்டியே இரு" என்று ஃபோட்டோ எடுத்தேன்.

"அம்மாக்கு அனுப்பு" என்று அவளே சொன்னாள்.

அனுப்பினேன். டூட்டி நேரத்தில் ஒருநாளும் ஃபோன் செய்யாதவள் அன்று செய்தாள். வார்டுக்கு வெளியே படிக்கட்டில் நின்றுகொண்டு, "நல்லாத்தான் கீது பாப்பா, நல்லாத்தான் கீது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மகள் நுங்குத் தண்ணீர் வழியும் வாயோடு அவளுக்கு மேல்வரிசை முழுவதையும் காட்டினாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. மாதத்துக்கு ஒருமுறை கம்பியை இறுக்குவார்கள். இறுக்கினால் ஓரிரண்டு நாள் வலிக்கும். அந்த நாட்களில் கஞ்சி, தயிர் சாதம், வாழைப்பழம் என்று அவளே முறை வைத்துக்கொண்டாள். மெழுகை அவளே உருட்டி அவளே வைத்துக்கொள்ளவும் பழகிவிட்டாள். என் விரல் தேவைப்படவில்லை. வடகிழக்கு மழை வந்து, அண்ணன் வயலில் தண்ணீர் நின்று, வடிந்து, கதிர் பழுத்து, அறுப்பும் முடிந்தது.

பொங்கலுக்குக் கொஞ்சம் பிறகு ஒரு சாயங்காலம், அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஏதோ கணக்கு வராமல் யோசித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் தற்செயலாக அவளைப் பார்த்தேன். அவளுடைய உதடுகள் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து முழுதாக மூடியிருந்தன. அதற்கு முன்பு அவள் வாய் அப்படி மூடி நான் பார்த்ததில்லை. எப்போதும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருக்கும், அதில் பல்லின் வெள்ளை தெரியும்.

"பாப்பா, சிரி" என்றேன்.

"எதுக்கு?"

"சும்மா சிரி."

சிரித்தாள். பற்கள் கீழுதட்டுக்கு வரவில்லை. உள்ளேயே நின்றுவிட்டன. அழகான சிரிப்பு. எங்கள் வகையறாவில் என் அண்ணன் சிரிப்பது போல, என் சிரிப்பு போலக்கூட இருந்தது. அவள் அம்மா அதில் இல்லை.

அன்று எனக்கு என்னவோ போல இருந்தது. பிள்ளைக்கு நல்லதுதான் நடந்திருக்கிறது என்று தெரியும். இருந்தாலும் வீட்டுக்குள் இருந்த ஒருவர் சொல்லாமல் வெளியே போய்விட்டது போல இருந்தது. அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, மகள் வாயைக் கொப்புளிக்கப் போயிருந்த நேரத்தில், "இதுக்கு மேலயும் உள்ள போவுமாங்க? கொஞ்சம் முன்னாடியே இருக்கட்டுமே" என்று கேட்டுவிட்டேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பின்னாடி கொண்டு வரத்தானே சார் கிளிப் போட்டோம்?" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மனைவியிடம் இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் ஒருநாள் மகள் அண்ணி வீட்டில் இருந்தபோது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். பல் உள்ளே போய்விட்டது, எனக்கு அந்தப் பல்லைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது என்று.

"எந்தப் பல்ல? பாப்பா பல்லயா, எம் பல்லயா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு."

அவள் சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நீங்க சும்மா சொல்றீங்கன்னு இத்தன வருசமா நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். பிறகு, "எனக்கு உங்க ரெண்டு பேரையும் பாக்கணும். லீவு கேக்குறேன்" என்றாள்.

கேட்டாள். உடனே கிடைக்கவில்லை. கிடைத்தபோது கோடை மறுபடி தொடங்கியிருந்தது.

சென்னை விமான நிலையத்தில் காலையில் காத்திருந்தோம். கண்ணாடிக் கதவு திறந்து அவள் தள்ளுவண்டியோடு வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டாள். தினமும் பேசுகிறவள்தான், ஆனாலும் எதிரில் ஆளைப் பார்த்ததும் வெட்கம் வந்துவிட்டது. என் மனைவி வண்டியை அப்படியே விட்டுவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்து, "ஆ காட்டு" என்றாள். மகள் வாயைத் திறந்தாள். ஜனங்கள் பெட்டிகளோடு எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் பிள்ளையின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஒரு விரலால் கம்பியை முனையிலிருந்து முனை வரைக்கும் தடவினாள். கடைசியாகக் கன்னத்தின் உள்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே புண் இருந்த அடையாளம்கூட இல்லை.

"எங்க குத்துச்சு?"

மகள் காட்டினாள்.

"ரொம்ப வலிச்சிதா?"

"அப்ப வலிச்சிது" என்றாள் மகள். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள்.

லீவு முழுவதும் மனைவி எங்கேயும் போகவில்லை. அவள் அம்மா வீட்டுக்குக்கூடப் போய்விட்டுச் சாயங்காலமே திரும்பிவிட்டாள். நான் வேலைக்குப் போய்விட்டு வரும்போது இரண்டு பேரும் ஃபேனுக்குக் கீழே தரையில் படுத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் நான் உள்ளே நுழையும்போது அவள் மெழுகை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்பல்லாம் குத்தறதே இல்லம்மா" என்றாள் மகள்.

"இருக்கட்டும். ஒரே ஒரு தடவ."

மகள் என்னைப் பார்த்தாள். அவள் பெருமூச்சு விட்டு, வாயைத் திறந்து, அம்மா துணியால் ஒத்தி, உருண்டையை வைத்து, அமுக்கி, ஓரத்தை நீவி முடிக்கும் வரைக்கும் அசையாமல் இருந்தாள். மெழுகு கழன்றுவிடக் கூடாது என்று அன்று மாலை தின்பண்டம் எதையும் தொடவில்லை.

"நீயும் போட்டுக்கோம்மா கிளிப். பெரியவங்களுக்கும் போடுவாங்களாம்" என்று ஒருநாள் சொன்னாள். என் மனைவி என் பக்கம் திரும்பினாள். நான் சட்டைக்குப் பொத்தான் போடுவது போலக் குனிந்துகொண்டேன்.

"எனக்கு எதுக்கு?" என்றாள் அவள். "உங்க நைனாக்குப் புடிச்சிக்கீதாம்."

மகளுக்கு அது புரியவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

லீவு முடிந்தது. மனைவி கிளம்பிப் போன மறுநாள் மகளுக்குக் கம்பி இறுக்கும் நாள். நான் வேலைக்குப் போகவில்லை. கும்மிடிப்பூண்டிக்குப் போனோம். உள்ளே கூப்பிட்டபோது நானும் எழுந்தேன். "நீ இங்கயே ஒக்காரு, நான் போயிட்டு வரேன்" என்று தனியாகவே போனாள். கொஞ்ச நேரத்தில் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வலிக்குதா?"

"இன்னிக்கு அவ்ளோ வலிக்காது. நாளைக்கு வலிக்கும். அப்புறம் போயிடும்."

வெளியே வந்து வண்டியை எடுத்தேன். அவள் ஏறவில்லை.

"நைனா, இப்பவே ஊட்டுக்குப் போவணுமா?"

எனக்கும் போகப் பிடிக்கவில்லை. வீட்டுக் கொடியில் அவள் அம்மாவின் நைட்டி ஒன்று துவைத்துக் காய்ந்தபடி இருந்தது. காலையில் நான் அதை எடுத்து மடிக்கவில்லை, மகளும் எடுக்கவில்லை.

"எங்க போலாம்?" என்றேன்.

"தெரியல. எங்கனா."

ரயில்வே ஸ்டேஷனில் வண்டியை நிறுத்திவிட்டு பிளாட்ஃபாரத்துக்குப் போனோம். நிழல் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். ஷிஃப்ட் முடிந்தவர்கள் சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தார்கள். சூலூர்பேட்டை வண்டி வந்து நின்றது. அது எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். ஏறுகிறவர்கள் ஏறினார்கள். மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு, நாக்கால் கம்பியைத் தடவியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பியது. அடுத்தது எப்போது என்று கேட்டாள். நேரமாகும் என்றேன். சரி, இருக்கலாம் என்றாள்.